பாடகி ஒருவர், ஊதுகருவி மூன்று: ஜாஸ் ஆல்பத்திற்குச் சுரத்தாள் எழுதிப் பதிவுசெய்யும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வசிக்கும், பாடகியான என் தங்கை மகள், தன் முதல் ஜாஸ் ஆல்பத்திற்குப் பியானோ, பாஸ், டிரம்ஸ் ஆகியவற்றோடு டிரம்பெட், ஆல்டோ சாக்ஸபோன், டிராம்போன் என மூன்று ஊதுகருவிகளும் வேண்டும் என்று முடிவுசெய்தபோது, அவற்றுக்குச் சுரத்தாள் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கர்நாடக இசை பயின்றவன். மேற்கத்திய சுரக்குறிப்பை வாசிக்கவும் எழுதவும் தெரியும். ஆனால் ஊதுகருவிகளுக்கு அதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆறு பாடல்களை முடித்த பிறகு இதை எழுதுகிறேன். குறிப்பு வாசிக்கவும் கணினியில் ஒலிப்பதிவு செய்யவும் ஓரளவு தெரிந்தவர்களையே மனத்தில் கொண்டிருக்கிறேன்.

முதலில் பாடகியின் சுருதியை முடிவுசெய்யுங்கள். அச்சில் கிடைக்கும் ஜாஸ் பாடல் தொகுப்புகளில் உள்ள சுருதி பெரும்பாலும் பெண் குரலுக்கு மிகவும் உயரமானது. நான்கு அல்லது ஐந்து சுரம் இறக்கினால்தான் சொற்கள் பேசுவதுபோல் இயல்பாக வரும். பாடலின் உச்ச சுரத்தையும் அடிச் சுரத்தையும் பாடச் சொல்லிக் கேட்டு, அரை அரைக் கட்டையாக (1 கட்டை என்றால் C, 2 கட்டை என்றால் D என்று ஏறும் நம் சுருதிக் கணக்கு) நகர்த்திப் பாருங்கள். கிடைத்த சுருதியை உடனே உறுதிசெய்துவிட வேண்டாம். காரணத்தைச் சற்றுக் கீழே சொல்கிறேன்.

இப்போது என்னை இரண்டு வாரம் அலைக்கழித்த படி. ஊதுகருவிகளில் சில, தாளில் எழுதியிருக்கும் சுரத்தை அப்படியே ஒலிப்பதில்லை. நம் கட்டைக் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். டிரம்பெட்காரர் தாளில் C என்று பார்த்து ஊதினால் வெளியே வருவது 6½ கட்டை, அதாவது B ஃப்ளாட். ஆல்டோ சாக்ஸபோன்காரர் அதே C-யைப் பார்த்து ஊதினால் வருவது 2½ கட்டை, அதாவது E ஃப்ளாட். டிராம்போன் மட்டும் எழுதியதை எழுதியபடியே ஒலிக்கும். ஆகவே பியானோவின் C கேட்க வேண்டுமானால் டிரம்பெட்டுக்கு ஒரு முழுச்சுரம் உயர்த்தி D என்றும், ஆல்டோவுக்கு ஒன்பது அரைச்சுரம் உயர்த்தி A என்றும் எழுத வேண்டும்.

இந்தக் கணக்கை மியூஸ்ஸ்கோர் மென்பொருள் தானாகவே செய்துவிடும். அது இலவசம், விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் தொடக்கக்காரருக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. ஆனால் அதில் ‘கான்சர்ட் பிட்ச்’ என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எல்லாக் கருவிகளின் சுரங்களும் பியானோவின் கணக்கில் தெரியும். எழுதும்போது அது மிகவும் வசதி. அந்த வசதியிலேயே எழுதி, பொத்தானை எடுக்க மறந்து, தாள்களை அச்சடித்துக்கொண்டு நான் முதல் ஒத்திகைக்குப் போனேன்.

முதல் பாடல் 1 கட்டையில், அதாவது C-யில், அமைந்தது. தொடக்கத்தில் டிரம்பெட் மேல் ஸ, ஆல்டோ ப, டிராம்போன் க என்று மூவரும் சேர்ந்து ஊத, அது தீர்க்கமான ஸ-க-ப-வாக ஒலிக்க வேண்டும். கேட்டதோ மேலே ஒரு நி, கீழே ஒரு நி, நடுவே க. டிரம்பெட்டின் C ஒரு முழுச்சுரம் இறங்கி B ஃப்ளாட் ஆனது. ஆல்டோவின் G ஒன்பது அரைச்சுரம் இறங்கி அதுவும் B ஃப்ளாட்டே ஆனது. டிராம்போன் மட்டும் தன் E-யில் அசையாமல் நின்றது. பாடகி வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தாள். நானோ, வாசிப்பவர்கள்மீது பழி போட்டுக்கொண்டு அரை மணி நேரத்தை வீணாக்கினேன்.

இதைத் தவிர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. அச்சடித்த மூன்று தாள்களையும் மேசையில் அருகருகே வைத்து, தொடக்கத்தில் உள்ள ஷார்ப், ஃப்ளாட் குறிகளை எண்ணுங்கள். C சுருதிப் பாடலானால் டிராம்போனுக்கு ஒன்றும் இருக்கக்கூடாது, டிரம்பெட்டுக்கு இரண்டு ஷார்ப், ஆல்டோவுக்கு மூன்று ஷார்ப் இருக்க வேண்டும். மூன்று தாளிலும் ஒரே எண்ணிக்கை இருந்தால், பொத்தானை நீங்களும் மறந்துவிட்டீர்கள் என்று பொருள்.

சுருதியை உடனே உறுதிசெய்ய வேண்டாம் என்றதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. எங்கள் மூன்றாம் பாடல் பாடகிக்கு 6 கட்டையில், அதாவது A-யில், நன்றாகப் பொருந்தியது. ஆனால் A என்றால் டிரம்பெட்டுக்கு ஐந்து ஷார்ப், ஆல்டோவுக்கு ஆறு ஷார்ப். தேர்ந்தவர்கள் வாசித்துவிடுவார்கள் என்றாலும், வேகமான இடங்களில் விரல் தடுமாறும். அரைக் கட்டை இறக்கி 5½-க்கு, அதாவது A ஃப்ளாட்டுக்கு, கொண்டுவந்ததும் டிரம்பெட்டுக்கு இரண்டு ஃப்ளாட், ஆல்டோவுக்கு ஒரே ஒரு ஃப்ளாட் என்றாகிவிட்டது. பாடகிக்கு அந்த அரைக் கட்டை பெரிதாகத் தெரியவில்லை. வாசித்தவர்களின் முகத்தில் தெரிந்தது.

அடுத்தது, எங்கே ஊத வேண்டும் என்பது. ஆல்டோவும் டிராம்போனும் ஒலிக்கும் பகுதியிலேயே பெண் குரலும் இருப்பதால், சொற்கள் வரும் இடத்தில் மூவரும் முழு வீச்சில் ஊதினால் பாடல் புதைந்துவிடும். பாடகி மூச்சு வாங்கும் இடைவெளிகளில் சிறு சிறு பதில்களாக எழுதுங்கள். சொற்களுக்குக் கீழே வேண்டுமானால் நீண்ட கார்வைகள் மட்டும் போதும். மூன்று ஊதுகருவிகள் எவ்வளவு நிறைவாக ஒலிக்க முடியும் என்பதை அறிய, 1960-இல் இசைத்தட்டு வெளியிட்ட ஜொஹானஸ்பர்க்கின் ஜாஸ் எபிசல்ஸ் குழுவைக் கேட்கலாம். ஹியூ மசகேலாவின் டிரம்பெட், கிப்பி முகெட்சியின் ஆல்டோ, ஜோனாஸ் குவாங்வாவின் டிராம்போன் என்று நம் குழுவின் அதே மூன்று கருவிகள். மென்மையான பாடல்களில் டிரம்பெட்டை வைத்துவிட்டு, அதன் உறவான மென்மையான ஒலியுள்ள ஃப்ளூகல்ஹார்ன் எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் B ஃப்ளாட் கருவியே என்பதால் தாளை மாற்ற வேண்டியதில்லை.

பதிவுக்கு நாங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சிறு மண்டபத்தை எடுத்தோம். மென்பொருள் ரீப்பர், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பியானோ, பாஸ், டிரம்ஸ் ஆகியவற்றோடு பாடகியின் வழிகாட்டுக் குரலை முதலில் பதிந்துவிட்டு, அதை ஹெட்ஃபோனில் கேட்டபடி ஊதுகருவிக்காரர் மூவரும் ஒன்றாக வாசிக்க, இறுதிக் குரலைத் தனியாகப் பிறகு எடுத்தோம். மூவரையும் தனித்தனியே பதிவதை நான் விரும்புவதில்லை. ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டால்தான் சொற்கட்டு ஒன்றாக முடியும். டிரம்பெட்டுக்கும் டிராம்போனுக்கும் கருவியின் வாய்க்கு அரை மீட்டருக்கு மேல் தள்ளி, நேர் எதிராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் மைக்கை வையுங்கள். சாக்ஸபோனில் ஒலி துளைகளிலிருந்தும் வருவதால் மைக் அதன் வாயைப் பார்க்காமல் நடுவிலுள்ள சாவிகளைப் பார்க்கட்டும். மிகப் பலமான இடத்தை வாசிக்கச் சொல்லி, அளவுமானி உச்சத்திற்கு 10 டெசிபல் கீழே நிற்கும்படி அமையுங்கள்.

சுருதி சேர்ப்பதை வந்தவுடன் செய்யாதீர்கள். குளிர்ந்த கருவி தாழ்வாக ஒலிக்கும். கால் மணி நேரம் ஊதிச் சூடேறிய பிறகு பியானோவோடு சேர்க்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் மென்மையான பாடலை வைத்துக்கொள்ளவும் வேண்டாம். எங்கள் மண்டபக் கூரையில் வந்து அமர்ந்த ஹடீடா பறவைகள், பாடகி கடைசிச் சொல்லை இழுத்து முடிக்கும் தருணம் பார்த்து நான்கு முறை கத்தின.

பின்சேர்க்கை: ஆல்டோவுக்குப் பதில் டெனர் சாக்ஸபோன்தான் கிடைக்கிறது, டிரம்பெட் தாளையே கொடுக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். சுரத்தின் பெயர் சரியாகவே வரும், ஏனெனில் டெனரும் B ஃப்ளாட் கருவி; ஆனால் அது மேலும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். நீங்கள் நினைத்த அதே உயரம் வேண்டுமானால் தாளில் ஒரு ஸ்தாயி உயர்த்தி எழுதுங்கள். மியூஸ்ஸ்கோரில் கருவியின் பெயரை டெனர் என்று மாற்றினால் அதுவே உயர்த்திவிடும், கான்சர்ட் பிட்ச் பொத்தான் அணைந்திருந்தால்.