வழக்கமாகப் போடும் இன்சுலின் கடையில் இல்லை என்றால்

"இல்லை, அடுத்த கிழமை வாங்கோ" என்று பார்மசியில் சொன்னால், அடுத்த கிழமை வரைக்கும் ஊசியை நிறுத்தி வைக்காதீர்கள், இருப்பதை இழுத்துப் பிடிக்க அளவைக் குறைக்கவும் வேண்டாம். முதலாம் வகை நீரிழிவு உள்ளவருக்கு ஒரு நாள் தவறினாலே உயிருக்கு ஆபத்து வரலாம். பத்து நாளுக்கான மருந்து மிஞ்சியிருக்கும்போதே தேடத் தொடங்குவதுதான் நல்லது.

தேடப் போகும்போது கிளினிக் கொப்பியையும் பழைய போத்தலையும் பெட்டியோடு கொண்டு போங்கள். கடையில் கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும், உள்ளே இருக்கும் மருந்தைச் சொல்லிக் கேளுங்கள். மிக்ஸ்ராட் 30 என்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் 30 பங்கும் மெதுவாக வேலை செய்யும் ஐசோபேன் 70 பங்கும் கலந்தது, ஹியூமியூலின் 30/70 என்பதும் அதே கலவைதான். லாண்டஸ் போடுபவர் 'கிளார்ஜின்' என்று கேட்க வேண்டும். வகையும் செறிவும் (ஒரு மில்லிலீற்றரில் எத்தனை யூனிற் என்பது) ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் அதே யூனிற்றைத்தான் தொடரச் சொல்வார்கள், ஆனாலும் டொக்டருக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிட்டுப் போடுங்கள். கலங்கலான மருந்து போடுபவருக்குத் தெளிவான மருந்தைக் கொடுத்தால் அப்படியே வாங்கி வராதீர்கள், அது வேறு வகை.

அடுத்தது செறிவு. இதில் நாங்களே தப்பியது பெரிய விஷயம். 2022இல் இலங்கையில் மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் அம்மாவுக்கு நாலு போத்தல் கொண்டு வந்தார், பெயரும் கலவையும் எல்லாம் சரி. ஜன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான், ஒரு மில்லிலீற்றருக்கு 40 யூனிற் என்று லேபலில் பொடி எழுத்தில் இருந்தது தெரிந்தது. அம்மா பாவிப்பது 100. எங்கள் சிரிஞ்சில் 20 வரை இழுத்திருந்தால் உடம்புக்குள் போயிருப்பது 8 யூனிற்தான். இதையே மாற்றி, 100 மருந்தை 40க்கான சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிற் போய்விடும், ஆளே மயங்கி விழுந்துவிடுவார். 40 மருந்துக்கு 40 சிரிஞ்ச், 100 மருந்துக்கு 100 சிரிஞ்ச், அவ்வளவுதான். இன்சுலின் பேனா பாவிப்பவர்கள் அதற்குள் போடும் மருந்துக் குழாயான கார்ட்ரிஜ் தங்கள் பேனாவுக்குள் பொருந்துமா என்று கடையிலேயே கேளுங்கள், ஒரு கம்பெனியுடையது மற்றதில் பெரும்பாலும் பொருந்தாது.

வகையே மாறுகிறது என்றால் அளவை டொக்டர்தான் எழுத வேண்டும். உதாரணமாக, இரண்டு வேளை ஐசோபேன் போட்டவரை ஒரு வேளை கிளார்ஜினுக்கு மாற்றும்போது, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்குவதுதான் வழக்கம். மிக்ஸ்ராட்டைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போட வேண்டும், நோவோமிக்ஸ் என்ற வேறொரு கலவை இன்சுலின் என்றால் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டுதான் போட வேண்டும். அதனால் சாப்பாட்டு நேரத்தையும் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதிக் கடைகளில் ஒன்றொன்றாக ஏறி இறங்குவதைவிட முதலில் கோல் பண்ணிக் கேளுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் இல்லை என்றால் தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி ஆஸ்பத்திரிகளிலும் விசாரியுங்கள். இரவாகியும் ஒன்றும் கிடைக்கவில்லை, அடுத்த ஊசிக்கு மருந்தும் இல்லை என்றால் விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக மூச்சு வாங்குவது, வாயில் பழவாசம் என்று ஏதாவது தெரிந்தால் உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

புது மருந்து தொடங்கிய முதல் சில நாள் வெறுவயிற்றிலும், சாப்பாட்டுக்கு முன்பும், படுக்கும்போதும் சீனி அளவு பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். 70 mg/dLக்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

அப்புறம், அலைந்து வாங்கிய போத்தலை நண்பகல் வெயிலில் மோட்டார்சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்துக் கொண்டு வராதீர்கள். ஐஸ்கட்டி போட்ட பையில் வைப்பதானால் போத்தலைத் துணியில் சுற்றி வையுங்கள், உறைந்துபோன இன்சுலினைக் கரைந்த பிறகும் போடக்கூடாது.