முற்றத்துச் செடியில் பூச்சியா? எறும்பிலிருந்து ஆரம்பியுங்கள்

காரைக்குடிப் பக்கம் பங்குனி வெயில் ஏறினால் போதும், முற்றத்துச் செம்பருத்தியின் கொழுந்தில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாக வந்து அப்பிக்கொள்ளும். மாவுப்பூச்சிதான். உடனே உரக்கடைக்கு ஓடி வயலுக்கு அடிக்கிற மருந்தை வாங்கி வராதீர்கள். பிள்ளைகள் தவழ்கிற, வற்றல் காய்கிற முற்றத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

முதலில் குனிந்து தண்டின் அடியைப் பாருங்கள், பெரும்பாலும் எறும்பு சாரைசாரையாக ஏறிக்கொண்டிருக்கும். மாவுப்பூச்சியும், கொழுந்தில் கூட்டமாக ஒட்டும் அசுவினி என்ற குட்டிப்பூச்சியும் செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான ஒரு திரவத்தைக் கழிக்கும், எறும்புக்கு அது தீனி, அதனால் அந்தப் பூச்சிகளைத் தின்ன வருகிற பொறிவண்டை எறும்பு விரட்டிவிடும். இலையில் கரி பூசியமாதிரி படிகிற கரும்பூஞ்சையும் அந்த இனிப்பில்தான் வளர்கிறது. எறும்பைத் தடுக்காமல் என்ன தெளித்தாலும் பத்து நாளில் பழைய கதைதான். பலகார அலமாரிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்போமே, அதையே தொட்டி வைத்த ஸ்டாண்டின் கால்களுக்கும் செய்யுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் கொசு முட்டையிடும். செடி சுவரிலோ தூணிலோ உரசவும் கூடாது, எறும்புக்கு அந்த ஒரு பாலம் போதும்.

அப்புறம் செடியைத் தனியாகக் கொல்லைப்பக்கம் கொண்டுபோங்கள். எண்ணெய்த் தண்ணீர் ஆத்தங்குடித் தரைக்கல்லில் சிந்தினால் வழுக்கும், வயதான ஆச்சிமார் நடக்கிற இடம். அதிகம் பிடித்த நுனிகளை வெட்டிப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, இலையின் அடிப்பக்கம் படும்படி ஹோஸில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். அசுவினி இதிலேயே பாதிக்கு மேல் போய்விடும். மாவுப்பூச்சி போகாது, அதன் மேலிருக்கும் மெழுகில் தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடுக்கில் வைத்தால் அந்த வெள்ளை கரைந்து உள்ளே இளஞ்சிவப்பாகப் பூச்சி தெரியும், அப்படியே துடைத்தெடுங்கள். விளக்கு, அடுப்புப் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள், ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும்.

மிச்சத்துக்கு வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். எண்ணெயைத் தனியாக ஊற்றினால் மேலே மிதக்கும், அதனால் 2 மில்லி காதி சோப்புக் கரைசலில் எண்ணெயை முதலில் அடித்துக் கலக்கி, வெளுத்த பிறகு தண்ணீரில் ஊற்றுங்கள். துணி துவைக்கிற பவுடர் வேண்டாம், இலை கருகும். முதலில் ஓர் இலையில் தெளித்து மறுநாள் பாருங்கள், சரி என்றால் வெயில் தாழ்ந்தபின் முழுச்செடிக்கும், முக்கியமாக அடிப்பக்கத்துக்கு. கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள். வேப்பெண்ணெய் பூச்சியை உடனே சாகடிக்காது, தின்னவிடாமலும் தோலுரித்து வளரவிடாமலும் தடுக்கும், முட்டைக்குள் இருப்பது பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே ஏழு நாளுக்கு ஒருமுறை என மூன்று நான்கு தடவையாவது அடிக்க வேண்டும். ஒரே தடவையோடு நிறுத்திவிட்டு மருந்து சரியில்லை என்பவர்கள்தான் அதிகம்.

இலை வெளிறிப் புள்ளிபுள்ளியாகி மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது சிலந்திப்பேன். வெள்ளைத்தாளின் மேல் இலையைத் தட்டுங்கள், தூசி நகர்ந்தால் உறுதி. நம் வறண்ட காற்று அதற்குக் கொண்டாட்டம், தினமும் இலையின் அடியைக் கழுவினாலே அடங்கும். வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடலாம். தொட்டி மண்ணிலிருந்து குட்டிக்குட்டியாய் ஈ கிளம்பினால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம், மேல்மண் காயட்டும்.

பழுப்பாக உப்பி, முதுகில் ஓட்டையோடு இருக்கும் மாவுப்பூச்சிகளைக் கண்டால் அந்தக் கிளையை மட்டும் விட்டுவையுங்கள், மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற ஒட்டுண்ணிக் குளவி வேலை செய்திருக்கிறது. 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்டுத் தமிழ்நாடு முழுக்கப் பரவிய பப்பாளி மாவுப்பூச்சியைக்கூட 2010-ல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த இப்படியொரு குட்டிக் குளவிதான் அடக்கியது.

கறிவேப்பிலை, துளசிக்கு அடித்திருந்தால் ஒரு வாரம் பறிக்காமல் இருந்து, நன்றாகக் கழுவிப் பயன்படுத்துங்கள். நர்சரியிலிருந்து புதிதாக வாங்கிவரும் செடியை இரண்டு வாரம் தனியே வைத்துவிட்டு, இலையின் அடியைப் பார்த்தபிறகு மற்றத் தொட்டிகளோடு சேருங்கள்.