மயில் கோலத்தைக் கழுத்தில் தொடங்காதீர்கள்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோவில் தேருக்கு வீட்டு வாசல் படலையடியில் மயில் கோலம் போட ஆசையா? எல்லோரும் கழுத்தில்தான் தொடங்குவார்கள், கழுத்தும் வடிவாக வரும், அப்புறம் தோகையை விரிக்கப் போனால் ஒரு பக்கம் மதில் இடிக்கும். போன வருஷம் நான் தொடங்கிய மயில் தாரா வாத்தாகத்தான் முடிந்தது.

தோகையில் தொடங்குங்கள். முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்து, நடுவில் ஓர் ஆணி அடித்து, மூன்றடிக் கயிற்றில் வெண்கட்டியைக் கட்டி அரைவட்டம் கீறுங்கள். உள்ளே அரை அடிக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. தோகைக் கண்களை வெளி வளையத்திலிருந்து வைத்து வாருங்கள். உள் வளையத்துக் கண் ஒவ்வொன்றும் வெளியே உள்ள இரண்டு கண்களுக்கு நடுவில் விழ வேண்டும், நேருக்கு நேர் வைத்தால் சட்டைக்குப் பொத்தான் தைத்த மாதிரி இருக்கும்.

கண்ணைக் கீறுமுன் ஒரு பீலியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் கருநீலம், அதுவும் வட்டமில்லை, ஒரு பக்கம் உள்ளே குழிந்திருக்கும். சுற்றிப் பளிச்சென்ற பச்சைநீலம், பிறகு செம்பு நிறம், ஓரத்தில் பொன்பச்சை. இழைகளின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருகிற நிறங்கள் அவை, பீலியைச் சரித்தால் மாறும். பொடியில் அது வராது. வளையங்களுக்கிடையே மெல்லிய வெள்ளைக் கோடு விட்டுப் பாருங்கள், ஓரளவு மினுங்கும்.

கலரை அரிசிமாவில் கலக்க வேண்டாம், சோளகக் காற்றில் பாதி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். தூள் உப்பில் கலந்தால் பாரமாகப் படியும்.

உடம்பு ஆணி இருந்த இடத்தில், கறுத்தக்கொழும்பான் மாங்காயை நிமிர்த்தி வைத்தது போல. அதிலிருந்து கழுத்து. கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பட்டை விடுங்கள், அது இல்லாவிட்டால் முகம் மயிலாகாது. கொண்டை விசிறி மாதிரி: மெல்லிய காம்புகள், நுனியில் மட்டும் சின்னக் குஞ்சம். சிலர் அங்கே சேவலின் கொண்டையை வைத்துவிடுவார்கள். சூரன் இரண்டாகப் பிளந்து மயிலும் சேவலுமான கதையைக் கந்தபுராணப் படிப்பில் கேட்டு வளர்ந்த ஊரில், இரண்டையும் திரும்ப ஒட்டி வைத்தால் அம்மம்மா சும்மா விடமாட்டா.

வாகன மயிலுக்குச் சொண்டில் பாம்பு இருக்கும். உங்களுக்கும் வேண்டுமென்றால் போடுங்கள், ஆனால் ஒற்றைக் கோடாகப் போடுங்கள், தடித்தால் புடலங்காய்தான். கால் கடைசியில், வீதிப் பக்கமாக வரட்டும். தோகை வீட்டுப் பக்கம் விரிந்தால்தான் வீதியில் நின்று பார்ப்பவர்களுக்கு மயில் தலைகீழாகத் தெரியாது.