குற்றாலத்துக்குப் பசியோடு போங்கள்

ஆனி பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரே கேள்விதான்: "தண்ணீர் விழுகிறதா?" எந்தத் தண்ணீர், எங்கே என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, தென்காசியில் சாரல் விழத் தொடங்கிவிட்டது என்றால் துணிப்பையை எடுத்துவிடுவோம். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து 22 சீசன் பார்த்துவிட்டேன். முதன்முதலாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள், குளித்த பிறகு சாப்பிடுங்கள்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வழியில் ஓர் ஓட்டலில் இட்லி, வடை, பொங்கல் என்று நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வரிசையில் நின்று நின்று கால் கடுத்தது. கடைசியில் அருவிக்குள் நுழைந்ததும், தண்ணீர் முதுகில் அறைந்த அறையில் என் மகள் வாந்தி எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து வார நாளில்தான் பயணம். நள்ளிரவு தாண்டி எழுந்து புளிச்சோறு கிளறுவேன். நாலு மணிக்குக் கார் கிளம்பும். ஆலங்குளம் பக்கம் ஒரு சுக்குக் காப்பி, அவ்வளவுதான். விடியும்போது அருவிக்கரையில் இருப்போம்.

எந்த அருவி என்பது உங்களோடு வருகிறவர்களைப் பொறுத்தது. என் அத்தைக்கு 74 வயது, மூட்டுவலி. அவர்களுக்குச் சிற்றருவிதான் சரி; பெயருக்கேற்ற சின்ன அருவி, பயமில்லாமல் நிற்கலாம். பிள்ளைகளுக்கு ஐந்தருவி பிடிக்கும். எனக்குப் பேரருவி. மேலிருந்து விழும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. இல்லாவிட்டால் அந்த உயரத்துத் தண்ணீரை யார் தாங்குவது? மலை மேலே இருக்கும் செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் ஏறிப் போக ஆசைப்படாதீர்கள். அது வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் காடு.

உள்ளே போகும்போது ஓரத்திலிருந்து போங்கள். முதலில் கால், பிறகு கை, பிறகு தோள். கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முதுகைத் திருப்பிக் கொடுங்கள். எடுத்த எடுப்பில் உச்சந்தலையை நீட்டினால் மூச்சு முட்டும். முதல் பத்து நொடி குளிர் எலும்பில் ஏறும். அதைப் பொறுத்துக்கொண்டால் போதும், பிறகு தோள்பட்டையில் ஆயிரம் விரல்கள் பிடித்துவிடுவதுபோல இருக்கும். காதில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இருக்காது. பக்கத்தில் காத்திருப்பவர்களையும் பார்த்து, ஐந்து நிமிடத்தில் இடம் விடுங்கள். வேண்டுமென்றால் திரும்ப வரிசையில் வரலாம்.

நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அருவி இழுத்த சங்கிலி திரும்பி வராது. எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஆசையிருந்தால் தங்கும் அறையிலேயே தேய்த்து அலசிவிட்டு வாருங்கள். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்பது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு. கீழே சிற்றாற்றை நம்பி எத்தனை ஊர்கள் இருக்கின்றன, அதை நினைத்தாவது கேட்க வேண்டும்.

இன்னொன்றைச் சிரிக்காமல் கேளுங்கள். தண்ணீர் மண் நிறத்துக்கு மாறினால், சருகும் குச்சியும் வந்தால், இரைச்சல் தடித்தால், அந்த நொடியே வெளியே வந்துவிடுங்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலை மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். போலீசாரிடம் வாதாடாதீர்கள், வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

இனி சாப்பாடு. தலையைத் துவட்டி, உலர்ந்த துணி மாற்றியதும் ஒரு பசி எடுக்கும் பாருங்கள், வீட்டில் அப்படி ஒரு பசி வராது. குரங்கு இல்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். அல்லது காருக்குள்ளேயே பிரியுங்கள். வாட்டிய வாழையிலையில் கட்டிய புளிச்சோறு ஐந்தாறு மணி நேரத்தில் இலையின் மணத்தை வாங்கியிருக்கும். பிரித்ததும் நல்லெண்ணெய் இலையில் மினுங்கும், நிலக்கடலை பாதி ஊறியிருக்கும். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல், கடிக்கக் கூழ்வற்றல். அத்தை சாதாரணமாக ஒரு பிடி சாப்பிடுகிறவர்கள், அங்கே இரண்டாவது பொட்டலத்துக்குக் கை நீட்டுவார்கள்.

மாலையில் இன்னொரு முறை குளித்துவிட்டு, அசைவம் சாப்பிடுகிறவர்கள் செங்கோட்டையை ஒட்டி பரோட்டாக் கடைகள் இருக்கும் பிரானூர் பார்டருக்குப் போகலாம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. எல்லை போன பின்பும் பார்டர் என்ற பெயர் போகவில்லை. பரோட்டாவைக் கையால் பிய்த்துச் சால்னாவை ஊற்றி ஊறவிடுங்கள், அவசரப்படாதீர்கள். கூடவே பிய்த்துப்போட்ட நாட்டுக்கோழி. கூட்டம் இருக்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள், சரக்கு தேங்காது.

கிளம்பும்போது மங்குஸ்தான் வாங்குங்கள். தோலை லேசாக அழுத்தினால் அமுங்க வேண்டும். கல்லாக இருந்தால் உள்ளே கெட்டிருக்கும். பழத்தின் அடியில் சின்னப் பூப்போல ஒரு தழும்பு தெரியும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. சுளை கூடக்கூடக் கொட்டை சிறுக்கும். அத்தைக்காக நான் ஏழு இதழ்ப் பழமாகப் பொறுக்கி எடுப்பேன். கடைக்காரர் ஒன்றும் சொல்வதில்லை.