கொரியாவில் ஆங்கில ஆசிரியரின் கோடை: ஜூனிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

தென் கொரியாவில் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்குகிறது. முதல் பருவம் ஜூலை பிற்பகுதியில் முடியும். ஆகஸ்ட் நடுவிலோ கடைசியிலோ இரண்டாம் பருவம் தொடங்கிவிடும். இடையில் கிடைக்கும் நான்கைந்து வாரமும் பிள்ளைகளுக்குத்தான் லீவு. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போன வெளிநாட்டவருக்கு அது ஆங்கில கேம்ப், சிறப்பு வகுப்பு, போதாததற்கு மழை, புழுக்கம். இந்தக் கோடை எப்படிப் போகும் என்பது ஜூனிலேயே முடிவாகிவிடுகிறது. கேம்ப் திட்டம், லீவு விண்ணப்பம், வீட்டின் ஈரம் மூன்றையும் கவனிக்க அதுதான் நேரம்.

யார் போகலாம்

மொழி ஆசிரியருக்கான விசா ஈ-2. ஆங்கிலம் கற்பிக்க இதை அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்குத் தருகிறார்கள். சட்டம் பார்ப்பது பாஸ்போர்ட்டை. டொராண்டோவில் வளர்ந்த தமிழர் கனடா பாஸ்போர்ட்டோடு விண்ணப்பிக்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் விண்ணப்பத்தோடு போட்டோ கேட்பது அங்கே வழக்கம். தோல் நிறம் பார்த்துக் கழிக்கும் தனியார் டியூஷன் நிலையங்களும் உண்டு. அதற்காகவே அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் எபிக் திட்டத்தை முதலில் முயல்வது நல்லது. அது பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஆசிரியர்களை வரவழைக்கிறது.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஒரு குறுகிய வாசல்தான். 2010-ல் நடைமுறைக்கு வந்த சீபா எனப்படும் இந்தியா–கொரியா பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதியும் உள்ளவர்கள் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகலாம். ஹக்வொன் எனப்படும் தனியார் டியூஷன் நிலையங்களுக்கு இது செல்லாது. இலங்கை பாஸ்போர்ட்டுக்கு இந்த வழியும் இல்லை.

காகித வேலையில் ஆள் சறுக்குவது போலீஸ் சான்றிதழில். உள்ளூர்க் காவல் நிலையமோ மாநில அரசோ தந்தது செல்லாது. தேசிய அளவிலானது வேண்டும், அதில் அப்போஸ்டில் முத்திரையும், அதாவது வெளிநாட்டில் செல்லும்படி ஆவணத்தை உறுதிசெய்யும் முத்திரையும் வேண்டும். அமெரிக்கர்களுக்கு எஃப்.பி.ஐ. சான்றிதழ், அதற்கு வாஷிங்டனில் உள்ள வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில். கனடா 2024 ஜனவரியில்தான் அப்போஸ்டில் முறைக்கு வந்தது, அதனால் தூதரகச் சான்று பற்றிய பழைய குறிப்புகளை நம்பி அலைய வேண்டாம். பட்டச் சான்றிதழின் நகலுக்கும் அப்போஸ்டில் தேவை. எல்லாவற்றுக்கும் மூன்று நான்கு மாதம் ஒதுக்குங்கள்.

கோடைக்கு மட்டும் போக நினைப்பவர்களுக்கு, ஜூலை–ஆகஸ்டில் பல்கலைக்கழக விடுதிகளில் நடக்கும் ஆங்கில கேம்ப்கள் உண்டு. அதற்கு சி-4 என்னும் குறுகிய கால வேலை விசா, அதிகபட்சம் 90 நாள். சுற்றுலாவாக உள்ளே வந்து வகுப்பெடுப்பது சட்டவிரோதம். ஈ-2 வைத்துக்கொண்டு வீட்டு டியூஷன் எடுப்பதும் அப்படியே. கோடையில் அம்மாக்கள் நேரில் வந்து கேட்பார்கள், கையில் நல்ல பணமும் தருவார்கள். பிடிபட்டால் அபராதம், சில சமயம் நாடு கடத்தல். இரண்டாவது இடத்தில் வேலை செய்ய வேண்டுமென்றால் முதலாளியின் சம்மதமும் குடிவரவு அலுவலகத்தின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும்.

ஒப்பந்தத்தில் கோடை எங்கே இருக்கிறது

ஹக்வொனில் வழக்கமான வேலை பிற்பகலில் தொடங்கி இரவில் முடியும். பள்ளி மூடியதும் துக்காங் என்ற சிறப்பு வகுப்பு தொடங்கும், பிள்ளைகள் காலையிலேயே வந்துவிடுவார்கள். காலை பத்துக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்பும் நாட்கள் அவை. இந்தக் கூடுதல் மணிக்குத் தனிச் சம்பளம் உண்டா, மணிக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லாவிட்டால் கையெழுத்துக்கு முன்பே கேட்டு எழுதவையுங்கள். கோடை லீவு எத்தனை நாள், தேதியை யார் தேர்வு செய்வது என்பதையும் சேர்த்து. பெரும்பாலும் ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் வாரத்தில் நிலையமே மூன்று முதல் ஐந்து நாள் மூடும், அதுதான் உங்கள் லீவு.

சம்பளத்தில் 3.3 சதவீதம் மட்டும் பிடித்தால் உங்களைத் தனியாள் ஒப்பந்தக்காரர் என்று பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தேசிய ஓய்வூதியமும், முதலாளி பாதி கட்டும் மருத்துவக் காப்பீடும் அதில் இருக்காது. ஓய்வூதியப் பணம் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாட்டவருக்கு நாட்டை விட்டுப் போகும்போது மொத்தமாகத் திரும்பக் கிடைக்கும் என்பதால் இழப்பு சிறியதல்ல. ஓராண்டு முடித்தால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாக வர வேண்டும். ஆகஸ்டில் சேர்ந்தவரை அடுத்த ஜூலையில், பதினோராம் மாதத்தில் காரணம் சொல்லி அனுப்பப் பார்ப்பது இந்தப் பணத்துக்காகவே நடக்கும் பழைய தந்திரம். தொழிலாளர் துறையின் எண் 1350.

அரசுப் பள்ளியில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே வாரம் 22 வகுப்பு, நாளுக்கு எட்டு மணி நேரம். லீவு எடுக்காத நாட்களில் பிள்ளைகள் இல்லாத பள்ளிக்குப் போய் மேசையில் உட்கார வேண்டும். ‘டெஸ்க் வார்மிங்’ என்று ஆசிரியர்களே கிண்டலாகச் சொல்வது இதைத்தான். பள்ளிச் சாப்பாடு அந்த நாட்களில் கிடையாது, ஏசியும் பெரும்பாலும் அலுவலகத்தின் கையில் இருக்கும். சாப்பாட்டு டப்பா, சிறிய மின்விசிறி, செய்ய ஒரு வேலை மூன்றையும் கொண்டுபோங்கள்.

கேம்ப் நடத்துவது

தொடக்கப் பள்ளி கேம்ப் ஒரு வாரமோ இரண்டு வாரமோ, காலையில் மட்டும் நடக்கும். பாடவேளை 40 நிமிடம். காலை 9 மணிக்குத் தொடங்கி, நடுவே பத்துப் பத்து நிமிட இடைவெளியோடு நான்கு வேளை வைத்தால் 12.10-க்கு முடியும். திட்டத்தை எழுதுவது வெளிநாட்டு ஆசிரியர். பணத்துக்கு ஒப்புதல் வாங்குவது உடன் கற்பிக்கும் கொரிய ஆசிரியர். பொருள் பட்டியலை அவர் அலுவலகத்துக்கு அனுப்பி, மேலே கையெழுத்தாகி, பொருள் வந்து சேர மூன்று வாரம்கூட ஆகலாம். ஜூலையில் கொடுத்தால் வண்ணக் காகிதம் இல்லாமல் கேம்ப் தொடங்கும். பட்டியலில் விலை, எண்ணிக்கை, வாங்கும் இணைப்பு மூன்றும் இருந்தால் அவர் வேலை பாதியாகும். அவரும் உங்களை நினைவில் வைத்துக்கொள்வார்.

ஐந்து நாளும் ஒரே நாடகத்தைத் தயார் செய்வது போன்ற தொடர் வேலையைத் தவிருங்கள். செவ்வாய்க்கிழமை வந்த பிள்ளை புதன்கிழமை ஹக்வொனுக்கோ பாட்டி ஊருக்கோ போய்விடும். ஒவ்வொரு நாளும் தனியாக முடிய வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஆறாம் வகுப்போடு சேர்க்காதீர்கள். கொரியாவில் பள்ளி ஆங்கிலமே மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது, பலர் அப்போதுதான் எழுத்துகளைக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

எப்போதும் எடுபடும் ஒரு நாள், பட்பிங்சு செய்வது. சீவிய பனியின்மேல் இனிப்புச் சிவப்புப் பயறு, பால், பழம் போட்டுச் சாப்பிடுவது. ‘ஃபர்ஸ்ட், நெக்ஸ்ட், தென், ஃபைனலி’ என்று வரிசைச் சொற்களைப் பழக்க இதைவிட நல்ல பாடம் இல்லை. 20 பிள்ளைகளுக்கு 5 கிலோ பனிக்கட்டி, 800 கிராம் இனிப்புப் பயறு, 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க், பழம் 2 கிலோ போதும். கையால் சுற்றும் பனி சீவி குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்றுதான் இருந்தால் வரிசை நீண்டு வகுப்பு கலைந்துவிடும். சொற்களையும் வாக்கியங்களையும் முதல் மூன்று வேளைகளில் முடித்து, பனியைக் கடைசி வேளையில்தான் உறைபெட்டியிலிருந்து எடுங்கள். கிண்ணம் கைக்கு வந்தபிறகு யாரும் ஆங்கிலம் பேச மாட்டார்கள். பால், கொட்டை ஒவ்வாமை யாருக்கு என்று முந்தைய வாரமே கொரிய ஆசிரியர் வழியாகப் பெற்றோரிடம் கேட்கவும். மேலே தூவும் ஒட்டும் அரிசிக் கொழுக்கட்டையைச் சிறு துண்டாக வெட்டுங்கள், சிறியவர்களுக்குத் தொண்டையில் சிக்கும். தண்ணீர் பலூன் விளையாட்டு வைப்பதென்றால் முதல் வேளையில் வையுங்கள். பத்தரைக்குமேல் மைதானம் கொதிக்கும்.

உச்சரிப்புக்கு ஒரு நாள் ஒதுக்கினால் தகும். மெய்யெழுத்துக்குப் பின்னால் ஒரு உயிரைச் சேர்த்துவிடுவது கொரியப் பேச்சின் இயல்பு. ‘ஸ்ட்ரைக்’ ஆங்கிலத்தில் ஒரே அசை, கொரிய எழுத்தில் ‘ஸு-து-ரா-இ-கு’ என்று ஐந்து. பஸ்ஸு, லைட்டு என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தச் சிக்கலை விளக்கவே வேண்டாம். சொல்லுக்குக் கைதட்டவையுங்கள். முதலில் கொரிய முறையில் ஐந்து தட்டு, பிறகு ஆங்கிலத்தில் ஒரே தட்டு. மூளைக்கு முன் கை திருந்திவிடும். ‘எஃப்’ ஒலி கொரியத்தில் இல்லாததால் காபியை ‘கொப்பி’ என்பார்கள். கீழுதட்டை மேல் பல்லில் தொடவைத்துக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். திருத்தும்போது எந்தப் பிள்ளையின் பெயரையும் சிவப்பு மையில் எழுத வேண்டாம். அது அங்கே சாவோடு தொடர்புடையது, பிள்ளைகளே பதறுவார்கள்.

மழை, புழுக்கம், மின்கட்டணம்

ஜூன் கடைசியில் ஜாங்மா என்ற மழைக்காலம் தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதம் நீடிக்கும். அது ஓய்ந்ததும் வெயில். 2018 ஆகஸ்ட் 1 அன்று ஹொங்சோனில் 41 டிகிரியும் சியோலில் 39.6 டிகிரியும் பதிவாயின. நம்மூர்க்காரருக்கு வெயில் புதிதில்லை. வீடுதான் புதிது. குளிரைத் தாங்க இறுக்கமாகக் கட்டிய ஒற்றை அறைகளில் காற்று நகராது, இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்து வரும்.

பூஞ்சை முதல் எதிரி. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் எல்லா மார்ட்டிலும் கிடைக்கும், துணி அலமாரிக்கு இரண்டு, பாத்திர மேடைக்குக் கீழே ஒன்று. நீர் கோடு வரை ஏறியதும் மாற்றுங்கள். விடாமல் மழை பெய்யும் நாளில் தரையைச் சூடாக்கும் பாய்லரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஜன்னலைத் திறப்பது கொரியர்களின் வழக்கம். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் தரை உலர்ந்துவிடும். துணி நாற்றமெடுத்தால் தெருமுனையில் காசு போட்டு உலர்த்தும் இயந்திரக் கடை இருக்கும்.

மின்கட்டணம் நம்மூரைப் போலவே படி ஏறும். ஜூலை, ஆகஸ்டில் 300 யூனிட் வரை முதல் படி, 450 வரை இரண்டாவது, அதற்குமேல் மூன்றாவது. மூன்றாம் படியைத் தொட்டவர்கள்தான் பில்லைப் பார்த்து அலறுவது. ஏசி இன்வர்ட்டர் வகையென்றால் அணைத்து அணைத்துப் போடாமல் 26 டிகிரியில் விட்டுவிடுவது சிக்கனம்.

வேலை தருபவர் ஒதுக்கும் வீடு பாதி நிலத்தடியில் இருந்தால் மறுத்துவிடுங்கள். 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் சியோலில் அப்படிப்பட்ட வீடுகளில் ஆட்கள் இறந்தார்கள். வெளியே நீர் ஏறினால் கதவைத் திறக்க முடியாது. போனில் அலறி வரும் அவசரச் செய்திகள் பெரும்பாலும் கொரிய மொழியில் இருக்கும். அப்படியே நகலெடுத்து பப்பாகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் புரிந்துவிடும்.

உணவுக் கழிவை மற்றக் குப்பையோடு சேர்க்க முடியாது, தனிப் பையிலோ பெட்டியிலோதான் போட வேண்டும். கோடையில் இரண்டு நாள் வைத்தால் ஈ மொய்க்கும். பையை உறைபெட்டியில் வைத்துக் குப்பை நாளில் எடுத்துப் போடுவதே வழி.

சைவர்களுக்குக் கோடையில் கொங்குக்சு கைகொடுக்கும். குளிர்ந்த சோயாப் பாலில் நூடுல்ஸ். நேங்மியோன் என்ற குளிர்ந்த நூடுல்ஸ் பார்க்கச் சைவம்போல இருக்கும், சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் எடுத்தது. கிம்ச்சி என்ற காய்கறி ஊறுகாயில் பெரும்பாலும் மீன், இறால் ஊறல் இருக்கும்.

ஆம்புலன்சுக்கு 119, விசா சந்தேகங்களுக்கு 1345, பயண உதவிக்கு 1330. கடைசி இரண்டிலும் ஆங்கிலம் பேசுவார்கள்.

கிடைத்த லீவை எங்கே போடுவது

நாடே ஒரே வாரத்தில் கிளம்புவதால் பூசானின் ஹேஉண்டே கடற்கரையில் குடைக்கும் குடைக்கும் இடையில் நடக்க வழியிருக்காது, அறை வாடகையும் எகிறும். தேதியைத் தேர்வு செய்ய முடிந்தால் ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு கேளுங்கள், அதுவும் ஜூனில். முடியாவிட்டால் கங்வொன் மாகாணத்து மலை ஓடைகள், நீர் சில்லென்று இருக்கும். போரியோங் சேற்றுத் திருவிழா ஜூலையில் தேச்சோன் கடற்கரையில் நடக்கும், பழைய துணி கட்டாயம். கடலில் மிதவைக் கயிற்றைத் தாண்டினால் காவலர் விசில் அடிப்பார். கொரியர்களில் பலர் முழுக்கைச் சட்டையோடுதான் குளிப்பார்கள், நீங்களும் அப்படியே இறங்கினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வெளிநாடு போவதானால் வெளிநாட்டவர் பதிவு அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஓராண்டுக்குள் திரும்பினால் தனி மறுநுழைவு அனுமதி தேவையில்லை. ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கியதும் புயல் எச்சரிக்கைகளும் சுசோக் பண்டிகை ரயில் டிக்கெட்டும் சேர்ந்து வரும். டிக்கெட் பதிவு திறக்கும் தேதியை உடன் கற்பிக்கும் ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், முக்கிய தடங்களில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.