கொம்பியூட்டருக்கு ஒத்துப்போற வீடியோ கமரா, கையைக் கடிக்காத விலையில

போன மாசம் சித்தியின்ர மகன் வந்து, அண்ணை ஒரு ஹேண்டிகேம் வாங்கோணும், எது நல்லம் எண்டு கேட்டான். உன்ர கொம்பியூட்டர்ல ரேம் எவ்வளவு, ஹாட் டிஸ்க்ல எவ்வளவு இடம் கிடக்கு எண்டு நான் திருப்பிக் கேட்க, ஆள் என்னை ஒரு மாதிரிப் பாத்தான். ஆனா முதல் பாக்க வேண்டியது அதுதான், கமரா பிறகு.

ஏனெண்டா 4கே (ஃபுல் எச்டியை விட நாலு மடங்கு புள்ளிகள் உள்ள படம்) எண்டு பெட்டியில போட்டிருக்கிறதை ஆசையில வாங்கிப்போட்டு, வீட்ட 4 ஜிபி ரேம் உள்ள பழைய மிசினில போட்டா படம் விக்கி விக்கித்தான் ஓடும். செக்கனுக்கு 100 மெகாபிட் 4கே ஒரு மணித்தியாலம் எடுத்தா 45 ஜிபி போயிடும். ஹேண்டிகேமுகள் ஃபுல் எச்டி படத்தை எழுதுற ஏவிசிஎச்டி முறை எண்டா 24 மெகாபிட்டில கூட 11 ஜிபிக்குள்ள முடிஞ்சிடும். வீட்டு விசேசத்துக்கு ஃபுல் எச்டி தாராளம், நான் இன்னும் அதிலதான் எடுக்கிறன்.

ஜூம் கதையிலயும் ஏமாறாதீங்கோ, பெட்டியில பெரிசா கிடக்கிற நம்பர் அனேகமா டிஜிட்டல் ஜூம், அது படத்தை இழுத்துப் பெருப்பிக்கிறது மட்டும்தான். லென்ஸாலயே கிட்டக் கொண்டு வாற ஒப்டிகல் ஜூம் எவ்வளவு எண்டு சின்ன எழுத்தில தேடுங்கோ. சோனி சிஎக்ஸ்405 மாதிரி குறைஞ்ச விலைக் கமராவிலயே ஒப்டிகல் 30 மடங்கு இருக்கு, யூஎஸ்பி வயரும் கைப்பட்டியோடயே வரும், ஆனா வெளி மைக் குத்த ஓட்டை இல்லை. ஜூமும் வேண்டாம், நீட்டுக்கு எடுக்கவும் தேவையில்லை எண்டா உங்கட போனே காணும், காசை மிச்சம் பிடியுங்கோ.

செகண்ட் ஹாண்டில மலிவா மினிடிவி கசட் கமரா வந்தா பாத்து வாங்குங்கோ. கசட்டில இருந்து கொம்பியூட்டருக்குப் படம் ஏத்த ஃபயர்வயர் எண்ட பழைய வயர் இணைப்பு வேணும், இப்பத்த லப்டொப்புகளில அந்த ஓட்டையே இல்லை. ஒரு மணித்தியாலக் கசட்டை ஏத்த ஒரு மணித்தியாலம் காவல் இருக்கவும் வேணும்.

கனடாவில இருந்து மாமா கொண்டு வந்த கமரா எண்டா இன்னொரு சிக்கல். அங்க செக்கனுக்கு 60 படம் எண்ட கணக்கு, எங்கட கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதால பழைய டியூப் லைட்டுக்குக் கீழ எடுத்தா படம் முழுக்க மினுங்கி மினுங்கி வரும். ஷட்டர் வேகத்தை செக்கனில 100இல ஒண்டு எண்டு வைச்சா அடங்கும், ஆனா ஷட்டரை மாத்த விடாத கமராக்களும் இருக்கு. இங்கயே வாங்கிறதெண்டா எங்கட நாட்டு வீடியோ முறையான பால் (PAL), 50 எண்டு போட்டதா பாருங்கோ.

திருகோணமலை மெயின் வீதியில கடைக்குப் போகேக்க உங்கட மெமரி காட்டைக் கொண்டு போங்கோ, ஃபுல் எச்டிக்கு கிளாஸ் 10 வேகக் காட் காணும். அதில ரெண்டு நிமிசம் எடுங்கோ, கடைக்குள்ள டியூப் லைட்டுக்குக் கீழ கொஞ்சம், வாசலில நிண்டு எதிர்க்கடை போர்ட்டை ஜூம் பண்ணிக் கொஞ்சம், மேசைக்குக் கீழ இருட்டில கொஞ்சம். முக்கியமா அந்த இருட்டு, சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரேக்க ராவில எடுக்கப் போறதெண்டா சின்ன சென்சர் புள்ளி புள்ளியா மணல் அள்ளிக் கொட்டின மாதிரித் தரும். காட்டை வீட்ட கொண்டு வந்து உங்கட கொம்பியூட்டர்ல போட்டுப் பாத்திட்டு, அடுத்த நாள் போய்க் காசைக் குடுங்கோ. கடைக்காரர் முகத்தைச் சுழிச்சா சுழிக்கட்டும். விஎல்சி பிளேயர்ல ஓடுறது மட்டும் காணாது, ஷொட்கட் மாதிரி இலவச எடிட்டர்ல போட்டு ரெண்டு இடத்தில வெட்டிப் பாருங்கோ. விண்டோஸில முந்தி இருந்த மூவி மேக்கர் எடிட்டரைத் தேடாதீங்கோ, மைக்ரோசொஃப்ட் அதை 2017 சனவரியோட நிப்பாட்டிட்டுது.

கொப்பி பண்ணுறதில நான் ஒருக்கா நல்லா வாங்கிக் கட்டினன். மருமகளின்ர சாமத்திய வீட்டை எடுத்திட்டு, காட்டில ஸ்ட்ரீம் எண்ட ஃபோல்டருக்குள்ள கிடந்த எம்டிஎஸ் எண்ட வீடியோ ஃபைலுகளை மட்டும் இழுத்துப் போட்டு, காட்டையும் ஃபோமட் அடிச்சிட்டன். நீட்டு வீடியோவை கமரா துண்டு துண்டாத்தான் எழுதும், அதுகளை ஒட்டேக்க சரியா ஆரத்தி எடுக்கிற இடத்தில சத்தம் டொக்கெண்டு அறுந்து போச்சு, அக்கா இப்பவும் சொல்லிக் காட்டுறா. அதால காட்டில இருக்கிற பிரைவேட் எண்ட ஃபோல்டரை அப்பிடியே முழுசா கொப்பி பண்ணுங்கோ, இல்லாட்டி கமராவோட வாற சொப்ட்வெயாரால இறக்குங்கோ, துண்டுகளை அது ஒழுங்கா சேர்க்கும்.

நிலாவெளிப் பக்கம் கொண்டு போனா கச்சான் காத்துக்கு மணல் பறக்கேக்க லென்ஸ் மூடியைத் திறக்காதீங்கோ, உப்புப் படிஞ்சா சறத்துத் துணியால தேய்க்கவும் வேண்டாம், முதல்ல ஊதுற பந்தால மணலைத் தட்டிப்போட்டு மூக்குக்கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியைக் கொஞ்சம் ஈரமாக்கி ஒத்தி எடுங்கோ.