செட்டிநாட்டிலிருந்து லண்டனுக்குப் படிக்க வருவோர்க்கு: வழி தவறாதிருக்கவும், தவறினால் மீளவும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்திலிருந்து லண்டனுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் முதல் வாரத்தில் அதிகம் வழி தவறுவதில்லை. அப்போது தங்குமிடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஒரே பாதையில்தான் போய் வருகிறார்கள். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுப்பதுமில்லை. ஊர் பழகிவிட்டது என்ற தைரியம் வந்து, பகுதிநேர வேலைக்கோ கோயிலுக்கோ நண்பர் அறைக்கோ தனியாகக் கிளம்பும் நாட்களில்தான் சிக்கல் தொடங்குகிறது. இக்குறிப்பு அந்த நாட்களுக்கானது.

நம் பக்கத்தில் வழி சொல்வது திசையை வைத்துத்தான். நகரத்தார் ஊர்களின் தெருக்கள் பெரும்பாலும் நேர்கோட்டில் ஓடுகின்றன. ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் திறக்கிறது. ஆகவே "கிழக்காலே போய் ஊருணிக்கரையில் வடக்காலே திரும்பு" என்றால் போதும், சின்னப் பிள்ளைகூடப் போய்ச் சேர்ந்துவிடும். லண்டன் தெருக்கள் பல நூற்றாண்டுகளாகத் தம் போக்கில் வளைந்து வளர்ந்தவை. வடக்கே போவதாக எண்ணி நடந்த தெரு பத்து நிமிடத்தில் உங்களை மேற்கே கொண்டுபோய் விட்டிருக்கும். வெயிலைப் பார்த்துத் திசையறியும் பழக்கமும் இங்கே ஓரளவுக்குத்தான் உதவும். காரைக்குடியில் உச்சி வேளைச் சூரியன் தலைக்கு மேலேயும், ஆண்டில் சில மாதங்கள் சற்று வடக்கேயும் நிற்கும். லண்டனில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும், குளிர்காலத்தில் கூரைகளுக்கு மேலே எழும்பினால் அதுவே பெரிது. மேகமூட்டம் என்றால் அதுவும் இல்லை. எனவே திசையை நம்புவதைக் குறைத்துக்கொண்டு, பெயரையும் எழுத்தையும் எண்ணையும் படிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்வதே முதல் வேலை.

முகவரியில் தெருப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். சர்ச் ரோடு, ஸ்டேஷன் ரோடு, ஹை ஸ்ட்ரீட் ஆகிய பெயர்களில் லண்டனில் பல தெருக்கள் உண்டு. மேனர் பார்க்கிலுள்ள முருகன் கோயில் ஒரு சர்ச் ரோட்டில்தான் இருக்கிறது. அப்பெயரை மட்டும் கைப்பேசியில் தட்டினால் நகரின் வேறொரு மூலைக்கும் அது உங்களை அனுப்பிவிடும். அஞ்சல் குறியீட்டை முழுமையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுக் குறியீடு பொதுவாகச் சுமார் பதினைந்து முகவரிகளுக்குள் இடத்தைச் சுருக்கிக் காட்டிவிடும்.

அக்குறியீட்டின் முற்பகுதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஈ3-க்கு (E3) அடுத்தது ஈ4 (E4) என்றால் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 1917-இல் இந்த எண்களைக் கொடுத்தவர்கள், மையப் பகுதிக்கு 1 என்று வைத்துவிட்டு, மற்றவற்றைப் பெரும்பாலும் ஆங்கில அகர வரிசையில் அடுக்கினார்கள். அதனால் போ என்னும் பகுதி ஈ3, சிங்ஃபோர்டு ஈ4. முன்னது நகர மையத்துக்கு அருகிலும் பின்னது வடகிழக்கு ஓரத்திலும் இருக்கின்றன. ஈ6 ஆகிய ஈஸ்ட் ஹாமும் ஈ12 ஆகிய மேனர் பார்க்கும் அடுத்தடுத்துள்ளன. எண்ணைப் பார்த்துத் தூரத்தைக் கணக்கிட்டு வாடகை அறை பேசுபவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

சுரங்க ரயிலின் புகழ்பெற்ற வரைபடமும் தூரத்தைக் காட்டுவதன்று. ஹாரி பெக் வரைந்து 1933-இல் வெளியான அந்த அமைப்பு, எந்தத் தடத்தில் ஏறி எங்கே மாறுவது என்பதை மட்டுமே தெளிவாக்குகிறது. லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே உள்ள தூரம் 300 மீட்டருக்கும் குறைவு. அதற்காகப் படியிறங்கி ரயிலேறுவது வீண். நம்மவர்களை மிகுதியாக அலைக்கழிப்பது நார்தர்ன் தடம். அது நகர நடுவில் பேங்க் வழியாகவும் சேரிங் கிராஸ் வழியாகவும் இரண்டாகப் பிரிந்து செல்கிறது. கேம்டன் டவுனுக்கு வடக்கே எட்ஜ்வேர், ஹை பார்னெட் என மறுபடியும் பிரிகிறது. தடத்தின் நிறத்தைப் பார்த்து ஏறாமல், நடைமேடைப் பலகையில் கடைசி நிலையத்தின் பெயரையும் "எந்த வழியாக" என்பதையும் சேர்த்துப் படித்த பிறகே ஏறுங்கள். எட்ஜ்வேர் வேறு, எட்ஜ்வேர் ரோடு வேறு. எட்ஜ்வேர் ரோடு என்ற பெயரிலேயே இரண்டு தனித்தனி நிலையங்கள் இருக்கின்றன. வழி தவறிய பதற்றத்தில் வெளியேறும் வாயிலில் கட்டண அட்டையைத் தொடாமல் வந்துவிட்டால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பேருந்து இந்த வகையில் இரக்கமுள்ளது. முதல் பேருந்தில் அட்டையைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், அதே அட்டையைக் கொண்டு வேறு எத்தனை பேருந்து மாறினாலும் மறுகட்டணம் கிடையாது. ஆகவே தவறான பேருந்தில் ஏறிவிட்டதாக உணர்ந்தால், காசு போய்விட்டதே என்று கடைசி வரை உட்கார்ந்திருக்காமல், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள். நடத்துநர் இல்லை, 2014 முதல் ரொக்கமும் வாங்குவதில்லை. பல நிறுத்தக் கம்பங்களின் உச்சியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ஒரே பெயருள்ள நிறுத்தங்கள் நான்கைந்து இருக்கும் இடத்தில் அந்த எழுத்துதான் உங்கள் நிறுத்தத்தைப் பிரித்துக் காட்டும்.

பல்கலைக்கழகங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வளாகங்கள் உண்டு. கிரீனிச் பல்கலைக்கழகத்தின் மெட்வே வளாகம் லண்டனுக்கு வெளியே கென்ட் மாவட்டத்தில் இருக்கிறது. கால அட்டவணையில் அறை எண்ணுக்கு முன் வளாகத்தின் பெயரைப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வழி தவறினால் நடப்பதை நிறுத்துங்கள். நடைபாதைகளில் நடப்போருக்கென நட்டுள்ள வரைபடப் பலகைகள் பலவற்றில் வடக்கு மேலே இருக்காது. நீங்கள் பார்த்து நிற்கும் திசையே மேலே இருக்கும். இது தெரிந்தால் அப்பலகையே பாதி வழியைச் சொல்லிவிடும். யாரிடமாவது கேட்பதென்றால், போக வேண்டிய வீட்டைக் கேட்காமல் அருகிலுள்ள ரயில் நிலையத்தைக் கேளுங்கள். அது எல்லோருக்கும் தெரியும், நிலையத்துக்குள் உதவ ஊழியர்களும் இருப்பார்கள். அந்தக் காலத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய நம் ஊர்ப் பையன்களுக்கு இறங்கியதும் போய்ச் சேர ஒரு கிட்டங்கி, அதாவது நகரத்தார் தங்கித் தொழில் செய்த இடம், இருந்தது. இங்கே அது இல்லாததால், உங்கள் வசிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவரது எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதிப் பையில் வைத்திருங்கள். ஆபத்து என்றால் 999.

வீட்டுக்கு மட்டும் அந்த நேரத்தில் அழைக்காதீர்கள். நவம்பர் மாதம் இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் அழைத்தால் தேவகோட்டையில் அதிகாலை இரண்டரை. அங்கிருந்து அம்மாவால் வழி சொல்ல முடியாது. விடியும்வரை தூங்காமல் உட்கார்ந்திருக்க மட்டுமே முடியும். அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திய பிறகு, அவர்களுக்கு விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். செப்டம்பரில் வந்தவர்கள் பகலில் பழகிய தெருவே அப்போது வேறு தெருவாகத் தோன்றும். எனவே அந்த ஞாயிறுக்கு முன்னதாகவே, நிலையத்திலிருந்து தங்குமிடம் வரையிலான பாதையை, ஒரு நண்பரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, இருட்டிய பிறகு ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.